ஒன்பது தசம் மூன்றும் ஒரு சந்தனப் பொட்டும்

எனக்கும் என் மச்சானுக்கும் இடையில் உள்ள சண்டையை அளந்து பார்த்தால் ஒன்றரை மில்லிமீற்றர் வரும். அவனுடைய வேட்டைத் துவக்கிலிருந்து பறக்கும் சன்னத்துக்கும் என்னுடையதன் சன்னத்துக்கும் குறுக்களவில் வித்தியாசம் அவ்வளவுதான். அந்த ஒன்றரை மில்லிமீற்றருக்காக நாங்கள் கல்யாண மண்டபங்களில் குரல் உயர்த்தியிருக்கிறோம். ஒருமுறை செத்தவீட்டிலும். அங்கே இருந்தவர்கள் ஏதோ காணிப் பிரச்சினை என்று நினைத்துச் சமாதானம் பேச வந்துவிட்டார்கள்.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. ரொறன்ரோ நகர நடுவில், சென் ஜேம்ஸ் ரவுணில், பதினாறாம் மாடியில் இருக்கிறான். அகதியாக வந்திறங்கிய அதே கட்டடம். நாங்கள் எல்லோரும் கிழக்கே கிழக்கே நகர்ந்து ரூஜ் வரை வந்து வீடு வாங்கிய பிறகும் அவன் அசையவில்லை. லிப்டில் துவக்குப் பெட்டியோடு ஏறினால் அயலட்டை என்ன நினைக்கும் என்று அவன் பெண்சாதி ஒற்றைக்காலில் நின்றதால், அவனுடைய துவக்கும் என் வீட்டு நிலவறையில், என்னுடைய இரும்பு அலுமாரியில், என் துவக்குக்குப் பக்கத்திலேயே பூட்டிக் கிடக்கிறது. எதிரியை வீட்டுக்குள் வைத்துச் சோறு போடுவது எப்படி என்று எனக்குத் தெரியும்.

அவனுடையது த்ரீ ஓ எயிட், அங்குலக் கணக்கு. எந்தக் கடைக்குப் போனாலும் அதற்குத் தோட்டா கிடைக்கும். சன்னம் மெல்லியது, வேகமாகப் போகும், தோளும் நோகாது. என்னுடையது ஒன்பது தசம் மூன்று, மில்லிமீற்றர் கணக்கு. நூறு வருடத்துக்கு மேலாக ஐரோப்பாக்காரர் பன்றிக்கும் பெரிய மானுக்கும் பாவிக்கிற அளவு. சன்னம் அவனுடையதைப் போல ஒன்றரை மடங்கு பாரம். அவசரமே கிடையாது, ஆனால் போய்ச் சேர்ந்தால் சேர்ந்ததுதான். சுட்ட பிறகு இரண்டு நாளைக்கு வலது தோளைத் திருப்பிப் படுக்க முடியாது, அதை நான் யாருக்கும் சொல்வதில்லை. இரண்டுக்கும் நடுவில் த்ரீ தேர்ட்டி எயிட் என்று இன்னொரு கூட்டமும் இருக்கிறது. அதில் ஒருவகை போடுகிற சத்தத்துக்குக் காது போய்விடும். அந்தக் கட்சியில் சேரச் சொல்லிக் கேட்டவர்களுக்கு நான் தேத்தண்ணிகூடக் கொடுக்கவில்லை.

"அத்தான், உங்கடை துவக்குத் தோட்டா வாங்க கப்பல் பிடிச்சு ஜேர்மனிக்குப் போகவேணும்" என்பான் மச்சான்.

"உன்ரை தோட்டாவை கோனர் கடையிலை பாண் வாங்கேக்கை வாங்கலாம். அதுதான் அதின்ரை மதிப்பு" என்பேன் நான்.

அவன் சொல்வதில் உண்மை இருந்தது. ரொறன்ரோ முழுக்கத் தேடினாலும் ஒன்பது தசம் மூன்றுக்குத் தோட்டா லேசில் அகப்படாது. அகப்பட்டாலும் விலையைக் கேட்டதும் நெஞ்சு அடைக்கும். அதனால்தான் கையால் தோட்டா செய்யப் பழகினேன். சுட்டு முடிந்த பித்தளைக் கோதை, அதாவது தோட்டாவின் வெற்று உறையை, எறியாமல் பொறுக்கி வரவேண்டும். அடியில் இருக்கும் பழைய பிரைமரை, அதாவது பொறி தட்டும் சின்னப் பொட்டுவெடியை, தட்டி எடுத்துவிட்டுக் கோதைக் கழுவி, பிரெஸ்ஸில் வைத்து நெரித்துப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, புதுப் பிரைமர் இட்டு, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, வாயில் சன்னத்தை இருத்தினால் தோட்டா. சொல்ல ஐந்து நிமிடம். செய்ய ஒரு பின்னேரம் போய்விடும்.

கோது கழுவ என்னென்னவோ மருந்தெல்லாம் விற்கிறார்கள். எனக்கென்ன விசரா? பித்தளைக் குத்துவிளக்கை எதனால் மினுக்குகிறோமோ அதனாலேயே கோதையும் மினுக்கினேன். புளி. கரைத்து ஊறவைத்து, கழுவிச் சுளகில் பரப்பி வீட்டைச் சூடாக்கும் பேர்னஸுக்குப் பக்கத்தில் காயவிட்டால் தங்கம் தோற்கும். சாம்பாருக்குப் புளி இல்லாத அன்றுதான் என் மனைவிக்கு விஷயம் தெரிந்தது. அன்று கேட்ட ஏச்சை இங்கே எழுத முடியாது. அடுத்த நாள் எனக்கென்று தனியாக ஒரு புளிப் பக்கற்றும் ஒரு சுளகும் வாங்கிக் கராஜ் மேசையில் வைத்துவிட்டு, "இனி என்ரை குசினிப்பக்கம் இந்த விளையாட்டோடை வரப்படாது" என்றாள்.

அவள் மச்சம் மாமிசம் சாப்பிடுவதில்லை. வெள்ளி, சஷ்டி, கந்தபுராணப் படிப்பு என்று வாழ்கிறவள். அப்படிப்பட்டவள் வீட்டில் துவக்கு வைக்கச் சம்மதித்ததே பெரிய விஷயம். ஊரில் யுத்தம் நடந்தபோது துவக்குச் சத்தம் கேட்டால் மேசைக்குக் கீழே போன காலம் அவளுக்கும் இருந்தது, எனக்கும் இருந்தது. சம்மதித்தபோது ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். என்னையும் தம்பியையும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கவைத்துத்தான் சொன்னாள்.

"சுட்டால் ஒரு வெடி. விழவேணும். துடிச்சது எண்டு நான் கேள்விப்பட்டால், ஆரின்ரை துவக்கெண்டாலும் சரி, இந்த வீட்டுப் படி திரும்ப ஏறாது. துடிக்கிறதை நான் போதுமட்டும் பாத்திட்டன்."

அவள் எதைச் சொல்கிறாள் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். நாங்கள் தலையாட்டினோம்.

அந்த நிபந்தனையை நான் உடனே எனக்குச் சாதகமாக்கிக்கொண்டேன் என்பதையும் சொல்லவேண்டும். "அதுக்குத்தான் நான் பெரிய சன்னம் வாங்கினனான்" என்று அன்றே தொடங்கினேன். சின்னச் சன்னம் என்றால் சீவன் அந்தரிக்கும், பெரியது என்றால் நின்ற இடத்தில் விழும் என்று அவளுக்குச் சாப்பாட்டு மேசையில் ஓதினேன், காரில் ஓதினேன், கோயிலில் வரிசையில் நிற்கும்போதும் ஓதினேன். "உங்கடை தம்பியின்ரை துவக்கு முயலுக்குத்தான் சரி" என்றும் ஒருநாள் வாய் தவறிச் சொல்லியிருப்பேன்.

மூஸ் என்கிற ராட்சத மானை வேட்டையாட ராக், அதாவது அரசாங்க அனுமதிச் சீட்டு, கிடைப்பது லேசில்லை. விண்ணப்பித்து விண்ணப்பித்து ஏமாந்து, கடைசியில் ஒரு வருடம் என் பெயருக்கு விழுந்தது. ஒரு ராக், ஒரு மிருகம், நாங்கள் இரண்டு பேர். ஒக்ரோபர் நடுவில் வடக்கே, சட்பரிக்கும் அப்பால் போகவேண்டும். மச்சான் உடனே போன் எடுத்தான்.

"அத்தான், நீங்கள் உங்கடை வீட்டுச் சமையல் தோட்டாவோடை வாறியள் எண்டால், முதலிலை, சுட்டுப்பழகிற ரேஞ்சுக்கு வந்து எனக்குச் சுட்டுக் காட்டவேணும். ஒழுங்காச் சேர்ந்து விழாட்டி, உங்கடை துவக்கு வீட்டிலை நிக்கும். நீங்கள் என்ரை துவக்கோடை வந்து அடக்கமா இருக்கவேணும்."

அவன் சொன்னது நியாயம். காயப்பட்டு ஓடும் மிருகத்தைப் பற்றி அவள் கேள்விப்பட்டால் யார் துவக்கும் தப்பாது. ஆனால் த்ரீ ஓ எயிட்டைத் தூக்கிக்கொண்டு அடக்கமாக இருப்பதா? அதைவிட நான் கராஜைப் பூட்டிவிட்டுச் சதுரங்கம் பழகலாம்.

அந்த வருடம் ஆயுத பூசை வேட்டைக்கு முன்னதாக வந்தது. எங்கள் வீட்டில் ஆயுத பூசை என்றால் எதுவும் தப்பாது. கார், லப்ரொப், ரைஸ் குக்கர், பேர்னஸ், ஸ்னோ புளோவர் என்று எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம் வைப்பாள். கராஜுக்கு வந்து என் மேசையைப் பார்த்தாள். நான் அப்போதுதான் தராசைச் சமன்படுத்தி, அதன் ஒற்றைத் தட்டை உள்ளே தூசி விழாமல் கவிழ்த்து வைத்திருந்தேன்.

"உந்தத் துவக்குகளுக்கு நான் பொட்டு வைக்கமாட்டன்" என்றாள். "ஆனால் தராசுக்கு வைப்பன். தராசு நல்ல சாமான். நீதிக்குரியது."

வைத்தாள். கை நிறைய வைப்பதுதான் அவள் பழக்கம். அதன் பிறகு விசயதசமி வரைக்கும் எதையும் தொடக்கூடாது.

விசயதசமி அன்று பின்னேரம், "இண்டைக்கு உங்கடை தொழிலிலை ஒண்டாவது தொடங்கவேணும், அப்பதான் சரிவரும்" என்று அவளே தள்ளிவிட்டாள். அவள் சொன்ன தொழில் என் கணக்காளர் வேலை. நான் நேரே கராஜுக்குப் போனேன். தராசின் முன்பக்கத்தில் இருந்த பொட்டைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன். கும்பிட்ட கையோடு, பார்க்காமலே, தட்டை எடுத்து நிமிர்த்திக் கொழுவினேன். பூசைக்குச் சற்று முன்னம்தானே சமன் பார்த்தேன், யார் தொட்டது? அப்படியே மருந்தை நிறுக்கத் தொடங்கினேன். ஒவ்வொரு கோதாக நிரப்பி, ஒவ்வொரு தோட்டாவாகப் பெட்டியில் வரிசையாக நிறுத்தினேன். விசயதசமியில் தொடங்கிய காரியம், பிழைக்குமா!

சனிக்கிழமை ரேஞ்சுக்குப் போனோம். நகரத்துக்கு வெளியே, சோளத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது. முதலில் மச்சான் கடைத் தோட்டாவால் சுட்டான். குறிபார்க்கும் ரார்கெட் அட்டையில் ஒரு தேங்காய்ச் சிரட்டையால் மூடிவிடலாம் போல எல்லாம் சேர்ந்து விழுந்தன. அவன் ஒன்றும் பேசாமல் விலகி எனக்கு இடம் விட்டான். அந்த ஒன்றும் பேசாமைதான் எனக்கு எரிச்சல்.

நான் பெட்டியின் ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துச் சுட்டேன். தோள் கழன்றது. முடித்துவிட்டு இருவரும் நடந்துபோய் ரார்கெட்டைப் பார்த்தோம். முதல் பாதி வெடிகள் நல்ல நெருக்கமாக, அழகாக விழுந்திருந்தன. இரண்டாம் பாதியும் நல்ல நெருக்கமாகத்தான் விழுந்திருந்தன. மூன்று விரற்கடை மேலே.

"அத்தான்" என்றான் மச்சான், மிகவும் மரியாதையாக. "உங்கடை துவக்குக்கு ரெண்டு மனசு."

"காத்தடிச்சது."

"காத்துக் கீழையிருந்து மேலையோ அடிச்சது?"

"துவக்குச் சூடாகீட்டுது."

"சூடெண்டால் கொஞ்சம் கொஞ்சமா ஏறும். இது படியிலை ஏறினமாதிரிச் சட்டெண்டு ஏறியிருக்கு. ஒண்டும் சொல்லாதேங்கோ அத்தான். துவக்கை வீட்டிலை விடுங்கோ. அக்காவுக்கு என்ன மறுமொழி சொல்லுறது?"

 வரும் வழியில் கோபத்தில் நாலு-சைபர்-ஒன்று நெடுஞ்சாலையில் எக்ஸிற்றைத் தவறவிட்டேன். மானம் போனது ஒருபக்கம். ஆனால் நிலவறைக் கதவைத் திறக்கும்போது வேறொன்று நெஞ்சில் இடித்தது. இதே தோட்டாவை ஒரு உயிரின்மேல் சுட்டிருந்தால், எந்தப் பாதி எங்கே போயிருக்கும்?

துவக்கைப் பூட்டிவிட்டுக் கராஜுக்குப் போய்ப் பிரெஸ்ஸைக் கழற்றினேன். சன்னங்களை அளந்தேன். கோதின் நீளம் பார்த்தேன். எல்லாம் சரி. கடைசியில் தராசின் தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பினேன். அடியில், நடுவில், மஞ்சளாக வட்டமாக ஒரு தடம். மேசையில் தராசுக்குக் கீழே பார்த்தால், குங்குமம் ஒட்டியபடி காய்ந்த சந்தனப் பொருக்கு ஒன்று, என் பெருவிரல் நகமளவு, மல்லாந்து கிடக்கிறது.

அட கடவுளே! நான் கவிழ்த்து வைத்த தட்டின் அடியைத் தட்டின் தலை என்று நினைத்து அவள் அங்கேயும் ஒரு பொட்டு வைத்திருக்கிறாள். நான் நிமிர்த்திக் கொழுவியதும் பொட்டு அடியில் போய்விட்டது. முதல் பாதித் தோட்டாக்களில் மருந்தோடு சேர்த்துச் சந்தனத்தையும் நிறுத்திருக்கிறேன். பொட்டின் பாரம் அளவுக்கு மருந்து குறைந்து, வேகமும் குறைந்து, சன்னம் கீழே பட்டிருக்கிறது. நடுவில் பொட்டுக் காய்ந்து உதிர்ந்திருக்கிறது. அதற்குப் பிறகு எல்லாம் சரியான நிறை.

அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். பொருக்கைக் கையில் வைத்து இப்படியும் அப்படியும் பார்த்தாள். கொஞ்சம் பயந்துதான் போனாள்.

"என்னாலையோ?"

"உம்மாலை இல்லை. நிறுக்க முதல் சமன் பாக்கிறது என்ரை வேலை."

"நல்லகாலம் குறைஞ்சுது. கூடியிருந்தால்?"

 கூடியிருந்தால் துவக்கே என் முகத்துக்குப் பக்கத்தில் வெடித்திருக்கும். மிச்சமிருந்த தோட்டாக்களை எல்லாம் பிரித்து மருந்தைக் கொட்டி, தட்டைக் கழுவிச் சமன் பார்த்து, புதிதாகச் செய்தேன். திரும்பவும் மச்சானை இழுத்துக்கொண்டு ரேஞ்சுக்குப் போனேன். எல்லாம் ஒரே இடத்தில் விழுந்தன. விஷயத்தைக் கேட்டு அவன் சிரித்த சிரிப்புக்குப் பக்கத்து மேசையில் நின்ற வெள்ளைக்காரன் காதுக்கவசத்தைக் கழற்றிவிட்டுப் பார்த்தான்.

வடக்கே போன இரண்டாம் நாள் காலையில் மூஸ் வந்தது. மரம் வெட்டிய பெரிய வெளியின் ஒரு முனையில் மச்சான், மற்ற முனையில் நான். இருவரிடமும் வோக்கி-டோக்கி. அது அவன் பக்கமாக வெளியே வந்தது. நின்றால் என் கராஜ் கதவை மறைக்கும். அவன் அவசர அவசரமாகக் கூப்பிட்டுச் சொன்னான். நான் "பொறு, பக்கவாட்டிலை திரும்பட்டும்" என்று சொல்லி முடிக்கமுதல் வெடி கேட்டது.

விழவில்லை. வெடி பின்னால் தள்ளி வயிற்றுப்பக்கம் பட்டிருந்தது. மிருகம் ஓடவும் இல்லை. முதுகை வளைத்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாக, என் பக்கம் நடந்து வந்தது. வந்து சின்னப் பற்றைகளுக்கு நடுவில் தலையைத் தாழ்த்திக்கொண்டு நின்றது. அதன் மூச்சு புகைபுகையாக வருவதைப் பார்த்தேன். கொஞ்ச நேரம்தான். எனக்கு அந்தக் கொஞ்ச நேரம் முடியவேயில்லை. மில்லிமீற்றர், நிறை, வேகம் எல்லாம் மறந்துபோனது. "இதை முடிச்சுவிடு, முடிச்சுவிடு" என்பது மட்டும்தான் மண்டைக்குள். முன்னங்காலுக்குப் பின்னால் பிடித்துச் சுட்டேன். அப்படியே கால் மடங்கிச் சரிந்துவிட்டது.

மச்சான் ஓடி வந்தான். பார்த்தான். ஒரு மரக்குற்றியில் போய் உட்கார்ந்து முகத்தைத் தொப்பியால் மூடிக்கொண்டான். ஏழெட்டு வருடமாக நான் காத்திருந்த நேரம் அது. "உன்ரை சின்னச் சன்னம்" என்று தொடங்க வாய்க்குள் வசனம் தயாராகக் கிடந்தது. அவன் தோள் குலுங்குவதைப் பார்த்ததும் அதை விழுங்கிவிட்டேன்.

திரும்பி வரும் வழியில், பாரி நகரம் தாண்டும்போது அவன் தொடங்கினான்.

"அத்தான், அக்காட்டை..."

"நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

வீட்டுக்கு வந்தோம். இறைச்சி கராஜ் பிரீசருக்குள் போனது. அவள் வீட்டுக்கதவைத் திறந்துகொண்டு கராஜ் படியில் வந்து நின்றாள். எப்படிப் போனது, குளிரோ, சாப்பிட்டீர்களோ, ஒன்றும் கேட்கவில்லை.

"துடிச்சதோ?"

"விழுந்திட்டுது" என்றேன் நான்.

அவள் என்னைப் பார்க்கவேயில்லை. தம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தாயில்லாத அவனை அவள்தான் வளர்த்தாள். அவளிடம் அவன் எந்தக் காலத்தில் பொய் சொல்லி வென்றான்?

"துடிச்சது அக்கா" என்றான். "முதல் வெடி என்ரை. பிழைச்சுப்போச்சு. அத்தான்தான் முடிச்சவர்."

 "அப்ப உன்ரை துவக்கை எடு" என்றாள்.

மச்சான் மறுபேச்சில்லாமல் பெட்டியைத் தூக்கினான். அதைத் தூக்கிக்கொண்டு பதினாறாம் மாடிக்குப் போகமுடியாது. அவன் பெண்சாதி கதவு திறக்கமாட்டாள். விற்கத்தான் வேண்டும். நான் ஏழெட்டு வருடமாக வேண்டிக்கொண்டது என் கண்முன்னால் நடக்கிறது. நான் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும்.

"துவக்கிலை பிழையில்லை" என்றது ஒரு குரல். என்னுடையதேதான்.

மச்சான் பெட்டியோடு அப்படியே நின்றான்.

"த்ரீ ஓ எயிட் நல்ல தோட்டா" என்று என் வாய் தொடர்ந்தது. "எத்தினையோ பேர் எத்தினையோ மூஸ் அதாலை விழுத்தினவங்கள். சரியான இடத்திலை பட்டால் அதுவும் நிண்ட இடத்திலை விழுத்தும். என்ரை துவக்காலை அந்த இடத்திலை சுட்டிருந்தாலும் இதே கதிதான்."

அவள் என்னைப் பேசவிட்டு, முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப சின்னனெண்டால் அந்தரிக்கும், பெரிசெண்டால் விழும் எண்டு கோயில் வரிசையிலையும் என்ரை காதுக்கை ஓதினது?"

நான் பிரெஸ்ஸைப் பார்த்தேன். புளிப் பக்கற்றைப் பார்த்தேன். எங்கே பார்த்தாலும் அவள்தான் நிற்பதுபோல இருந்தது.

"அது... ஒரு ஆசையிலை சொன்னது" என்றேன்.

"சரி. துவக்கிலை பிழையில்லை, தோட்டாவிலை பிழையில்லை. அப்ப எதிலை?"

மச்சான் பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோலக் கையை உயர்த்தினான். "இதிலை அக்கா. அவசரப்பட்டிட்டன்."

அவள் அந்தக் கையைப் பிடித்து இறக்கினாள். கண் கலங்கியது அவளுக்கு. "அப்ப துவக்கு இருக்கட்டும். கை பழகட்டும். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை இவரோடை போய்ச் சுட்டுப் பழகு. பழகாமல் காட்டுக்குள்ளை போனால் எனக்குத் தம்பி இல்லை." பிறகு என் பக்கம் திரும்பினாள். "அவனுக்குத் தோட்டா நீங்கள்தான் செய்துகுடுக்கிறது."

அந்தக் குளிர்காலம் முழுக்க நான் கராஜில் ஹீற்றரைப் போட்டுக்கொண்டு த்ரீ ஓ எயிட் செய்தேன். வெட்கக்கேடு. கோது சின்னது, மருந்தும் கொஞ்சம்தான் பிடிக்கும், வேலை சுளுவு. புளியில் ஊறினால் அதுவும் தங்கம்போலத்தான் மின்னுகிறது. நல்ல தோட்டா என்று மச்சானுக்கு நான் இன்னும் சொல்லவில்லை. அன்று சொன்னதை அவன் கனவென்று நினைத்துக்கொண்டால் நல்லது.

அடுத்த ஆயுத பூசைக்கு மச்சான் குடும்பத்தோடு வந்திருந்தான். அவள் சந்தனக் கிண்ணத்தோடு கராஜுக்கு வந்தாள். நான் தராசை இரண்டு கையாலும் மறைத்தேன். அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "டேய், இஞ்சை வா" என்று தம்பியைக் கூப்பிட்டாள்.

"கையை நீட்டு. வலக்கை."

நீட்டினான். விசை இழுக்கும் சுட்டுவிரலில் சந்தனத்தைத் தாராளமாக அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்தாள்.

"துடிக்கப்படாது" என்றாள்.

அன்றைக்கு வடை பாயசத்தோடு படையல் சாப்பாடு. மச்சான் கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.